நண்பனை அடிக்க நாலு நாற்காலி

வாடிக்கையாளர் முகம் வாடாமல் பார்த்துக்கொள் என்று எல்லாத் தொழிலிலும் சொல்வார்கள். வருகிற நாலு பேரில் மூன்று பேர் தோற்று முகம் தொங்கினால்தான் என் தொழில் நடக்கும். வடசென்னைக் கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில் யார்டை ஒட்டி, வீடியோ கேம் சென்டர் வைத்திருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் பேச்சையெல்லாம் கேட்டு, சிரித்த முகத்தைக் கழற்றாமல் வைத்திருக்கும் சக கடைக்காரர்களே, உங்களுக்காவது என் பாடு புரியும்.

வெங்காய குடோன்

என் புகுந்த வீட்டுக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை வைத்தவர்கள். கடைக்குப் பின்னால் வெங்காயம் போட்டுவைத்த குடோன் சும்மா கிடந்தது. அதைக் கழுவி, பெரிய டிவி மாட்டி, நாலு நாற்காலி போட்டேன். கார் ரேஸ், கால்பந்து என்று நல்ல நல்ல ஆட்டமாகத்தான் வாங்கினேன். ஒருவரும் தொடவில்லை. எல்லாருக்கும் வேண்டியது ஒரே ஆட்டம். ஆகாயத்தில் மிதக்கிற மேடையில் நாலு பேர் நின்று அடித்துக்கொள்வார்கள். கீழே தள்ளப்பட்டவன் அவுட். கடைசியில் நிற்பவனுக்கு வெற்றி. கார் ரேஸில் நண்பனை முந்தத்தான் முடியும். இதில் கழுத்தைப் பிடித்துத் தூக்கி எறியலாம்.

என் மாமனார் ஒரு மத்தியானம் முழுக்க வாசற்படியில் நின்று பார்த்தார். தோற்றவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனதையும், டீயைக் குடித்த கையோடு திரும்பி வந்ததையும் பார்த்தார்.

"ஏம்மா, நம்ம கடையில அரிசி வாங்குனவன் மூட்டையத் தூக்கிட்டுப் போவான். இவனுவ அடி வாங்கிட்டு வெறுங்கையோட போறானுவ, திரும்ப எதுக்கு வாரானுவ?"

பட்டன் கோளாறு

தினசரி வாடிக்கை இருவர், சகாயமும் பாபுவும். ராயபுரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது முப்பதைத் தாண்டி, ஒரே கம்பெனியில் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார்கள். ஆட்டத்தில் சகாயம் எப்போதும் கரடி. பாபு எப்போதும் குடுமி வைத்த சாமியார். சாமியார் கரடியைத் தள்ளிவிடுவார்.

சகாயம் தோற்றதற்குக் காரணம் ஒருநாளும் சகாயம் கிடையாது. டிவியில் வெளிச்சம் பத்தவில்லை, ஃபேன் காற்று கண்ணில் அடிக்கிறது, கூட்ஸ் வண்டி போனதில் தரை ஆடியது. கடைசியில், தான் கையில் பிடித்து ஆடுகிற ரிமோட்டில் பட்டன் சரியில்லை என்றார். பாபு தன்னுடையதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். ஆட்டம் முடிந்தது, கரடி மறுபடியும் கீழே. சகாயம் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவங்கிட்டயே இர்ந்து இர்ந்து இந்த பட்டனும் இவன் பேச்ச தான் கேக்குது யக்கா."

ரோபோவுக்கு வந்த மரியாதை

அந்த ஆட்டத்தில் ஒரு ரோபோ உண்டு. மொட்டைத் தலை, பெரிய வயிறு. லாரிக்காரர்கள் அதற்குத் தங்கள் சூப்பர்வைசர் பெயரை வைத்திருந்தார்கள். ஒருத்தர் ரோபோவை எடுத்தால் மற்ற மூவரும் கூட்டணி போட்டு வெளுப்பார்கள். லீவு கிடைக்காத வாரங்களில் ரோபோவின் நிலைமை பரிதாபமாக இருக்கும். அடிவாங்கும் முறை எல்லாருக்கும் சுற்றி வரும். அதில் மட்டும் நியாயம் தவறமாட்டார்கள்.

ஒருநாள் வண்டி எடுக்க ஆளைத் தேடிக்கொண்டு சூப்பர்வைசரே கடைக்குள் வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். டிவியைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பார்த்துப் பார்த்து ரோபோவையே எடுத்தார். கரடி ஓரமாக நின்றது. சாமியார் வானத்தைப் பார்த்தார். மூன்று பேரும் தாங்களாகவே மேடையிலிருந்து குதித்துச் செத்தார்கள். வெற்றி பெற்ற சூப்பர்வைசர் எழுந்து, என்னிடம் வருத்தமாகச் சொன்னார்:

"யார்டுலயும் இப்படித்தான் மேடம், ஒருத்தனும் கைய அசைக்க மாட்டான்."

காலி நாற்காலி

திடீரென்று சகாயம் வருவது நின்றது. ஜோடி ஆட்டத்தில் தன் பக்கத்து ஆளான கரடியையே பாபு தெரியாமல் தள்ளிவிட்டார், அதில் கோபம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். பாபு மட்டும் வந்து, விளையாடாமல், வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அப்புறம் சகாயத்தின் மனைவி ஃபிலோமினா வந்தார். முன்பெல்லாம் அவர் வந்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். கணவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போக வருகிறவர். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். விஷயம் அப்போதுதான் தெரிந்தது. பாபுவுக்கு எண்ணூர் பக்கம் வேறு கம்பெனியில் கிரேன் வேலை கிடைத்திருக்கிறது. அதை அவர் சகாயத்திடம் சொல்லவே இல்லை. டீக்கடையில் யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்ததாம்.

"கேம்ல தள்ளிட்டான்னு வெளிய சொல்லிக்கினு கீறாரு. வூட்ல உக்காந்துகினு நான் வெங்காயம் நறுக்கறதுல தப்பு கண்டுபுடிக்கறாரு. தயவு பண்ணி இந்த ஆள உங்க கடையிலயே வச்சிக்கோங்க யக்கா."

அடிக்காத சாமியார்

அடுத்த ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு ஃபிலோமினா கணவரைக் காலரைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்தார். பாபு ஏற்கெனவே இருந்தார். நான் ஆட்டத்தைப் போட்டுவிட்டு, கணக்குப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கரடி அடித்தது. அப்படி ஓர் அடியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சாமியார் அசையவில்லை. பாபுவின் ரிமோட் மடியில் கிடந்தது. கரடி சாமியாரை மேடை ஓரம் வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே நின்றுவிட்டது.

"இன்னாடா, கைல எடு. சும்மா நிக்கறவன எப்டி அடிக்கறது?" என்றார் சகாயம். கண் டிவியை விட்டு நகரவில்லை.

"உன்கிட்ட சொன்னா நீ போவாதன்னுவ. நீ சொன்னா நான் போவ மாட்டேன்" என்றார் பாபு. "அத்தான் சொல்லல. தப்புதான்."

வெளியே கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் சகாயம் காத்திருந்தார். பிறகு பாபுவின் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். சாமியார் கரடியைத் தூக்கி எறிந்தார். வெகுநாள் கழித்து அந்த அறையில் பட்டனைக் குறை சொல்லும் சத்தம் கேட்டது. ஃபிலோமினா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பாபு எண்ணூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார். சகாயம் அவருக்கு முன்பே வந்து அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடாமல் சண்டை பிடிக்கிறார். ரிமோட்டைக் கையில் வைத்த அன்றைக்குச் சகாயம் பாபுவிடம் கேட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன்:

"போவாதன்னு நான் ஏன்டா சொல்லப்போறேன், அங்க இன்னொரு ஆளு வேணுமான்னு தான கேட்டிருப்பேன்?"

அடித்துக்கொள்கிற நண்பர்களை நம்பித்தான் இந்தக் கடை ஓடுகிறது. பேச்சை நிறுத்திக்கொள்கிற நண்பர்கள் நாலு ஜோடி சேர்ந்தால் நான் மறுபடியும் வெங்காயம்தான் போட வேண்டும்.