தூ சொல்லும் வகுப்பு

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரு மரத்தடுப்புதான். இந்தப் பக்கம் நான் கணக்கு நடத்துவேன். அந்தப் பக்கம் தேதி டீச்சர் வரலாறு நடத்துவாள். நான் பின்னத்தைப் பற்றிப் பாதி வாக்கியம் சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஒரு கோட்டை விழுந்துவிடும், என் பிள்ளைகளின் காதெல்லாம் அங்கே போய்விடும். பத்தொன்பது வருஷமாக அவர்கள் கணக்கில் மட்டமாக இருப்பதற்கு அவளைத்தான் காரணம் சொல்லி வந்தேன். அவளும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வாள்.

தேதி டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். எந்தச் சண்டை, எந்த வருஷம், என்ன கிழமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். குடையை எங்கே வைத்தாள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கொடியேற்றும் நாளில் எனக்கெல்லாம் வெயிலில் கால் கடுக்கும், எப்போது மிட்டாய் கொடுத்து அனுப்புவார்கள் என்றிருக்கும். அவளுக்குக் கண் நிறைந்துவிடும். நடிப்பு இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. பள்ளி வாசலில் ஒரு கல் இருக்கிறது. அறுபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எதிரிப் படை வந்தபோது ஆற்றுப் பாலத்தைக் காத்து நின்று செத்துப்போன முப்பத்திரண்டு பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. பதினான்காவது பெயர் அவளுடைய பெரியப்பா. அப்போது அவருக்கு இருபது வயது. அவள் அப்பா அவளைக் குழந்தையில் அங்கே கூட்டிக்கொண்டு வந்து, அவள் விரலைப் பிடித்துப் பதினான்காவது வரியின் எழுத்துகள் மேல் ஓட்டுவாராம். அவள் எழுத்துக் கற்றுக்கொண்டதே அந்தக் கல்லில்தான்.

ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் பதினோராம் பாடம் அந்தப் பாலம். பாலத்தின் இரும்புக் கதவுக்கு ஒரு காவல்காரன் இருந்தான். உள்ளிருந்து அவன்தான் கதவைத் திறந்துவிட்டான். முப்பத்திரண்டு பேரும் செத்துப்போனார்கள். புத்தகத்தில் அவனுக்குப் பெயர் இல்லை, 'கதவைத் திறந்த துரோகி' என்று ஒரே வரிதான். அந்த வரி வரும்போது தேதி டீச்சர் சாக்பீஸை உயரத் தூக்குவாள். வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். சாக்பீஸ் இறங்கும். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "தூ!" என்பார்கள். எச்சில் வரக் கூடாது, சத்தம் மட்டும். அதற்குத் தனியாக ஒத்திகை உண்டு. என் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லிவிடுவார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் எதை மறந்தாலும் பதினோராம் பாடத்தை மறக்க மாட்டான் என்று ஊரில் பேச்சு.

இந்த வருஷம் அந்தச் சத்தம் கல்வி அதிகாரியின் காது வரை போயிற்று. மூன்று வாரத்தில் வருகிறேன், அந்தப் பாடத்தை என் முன்னால் நடத்துங்கள், வீடியோ எடுத்து எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பலாம் என்று கடிதம் போட்டார். தேதி டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் வகுப்பில் ஒரு பெண் உண்டு. வெண்கலக் குரல், ஓயாத வாய். வாயாடி என்றுதான் டீச்சர் அவளைக் கூப்பிடுவாள், செல்லமாக. "தூ சொல்லும்போது நீதான் முன்னாடி நிக்கணும்" என்று அவளிடம் சொல்லி, வீட்டிலும் பழகிப் பார்க்கச் சொன்னாள்.

அவளும் பழகினாள். மூன்றாம் நாள் மதியம் அவள் அம்மா வந்தாள். தையல்காரி, கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து அப்படியே வந்திருந்தாள். தேதி டீச்சர் மதியத்தில் தன் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் என் பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், பாடம் தப்புன்னு சொல்ல வரல. எம்பொண்ணு வீட்ல நின்னு பாடம் நடத்திக் காமிச்சா. கதவத் தொறந்த துரோகி, தூன்னா. எங்க மாமனாரு எதிர்ல உக்காந்திருந்தாரு. எழுந்து உள்ள போனவரு ரெண்டு நாளா சாப்பிடல."

"ஏன், அவருக்கு என்ன?"

"அந்தக் கதவுக்காரரு அவரோட அப்பா, டீச்சர். பொண்ணுக்குத் தெரியாது. நாங்க யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த ஒரு சத்தத்த மட்டும் விட்டுடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

தேதி டீச்சரின் குரல் எழுந்தது. பத்தொன்பது வருஷத்தில் நான் கேட்காத குரல்.

"அந்தக் குடும்பம் இந்த ஊர்லயா இருக்கு? இத்தனை வருஷமா? எங்க பெரியப்பா பேரு அந்தக் கல்லுல இருக்கு, தெரியுமா உங்களுக்கு? அவரக் கொன்னவன் கொள்ளுப்பேத்திக்கா நான் ஸ்டார் குத்தி அனுப்பினேன்?"

இந்தப் பக்கம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே போங்கள் என்று நான் விரட்டியிருக்க வேண்டும். விரட்டவில்லை. நானும்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

மறுநாள் காலையில் வாயாடி கொஞ்சம் தாமதமாக வந்தாள். வராந்தாவில் இரண்டு வகுப்பும் வரிசையில் நின்றன. யாரோ ஒருவன் ஸ்கேலை உயரத் தூக்கினான். நான் அதைப் பார்த்தேன், ஆனால் அது எதற்கென்று எனக்கு உறைக்கவில்லை. ஸ்கேல் இறங்கியது.

"தூ!"

அத்தனை பேரும், ஒரே குரலில், எச்சில் இல்லாமல். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே.

அந்தப் பெண் அழவில்லை. சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவளும் சேர்ந்துகொள்ள வாயைத் திறந்துவிட்டாள். பிறகு எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பி நடந்தாள். வாசல் கேட்டைத் தாண்டிய பிறகுதான் ஓட ஆரம்பித்தாள்.

தேதி டீச்சர் வகுப்பு வாசலில் நின்றிருந்தாள். கையில் சாக்பீஸ் பெட்டி. அவள் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை, பார்த்தவளுக்கே கஷ்டமாக இருந்தது.

ஒரு வாரம் அந்தப் பெண் வரவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் டீச்சர் என்னிடம் வந்தாள். "என்கூட அவங்க வீடு வரைக்கும் வர்றியா? தனியா போக பயமா இருக்கு" என்றாள். போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையும் சமையலறையும். தையல் மிஷின் வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. வாயாடி எங்களைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபத்துநாலு வயது, ஒல்லி, சட்டைப் பொத்தானெல்லாம் கழுத்து வரை போட்டிருந்தார்.

டீச்சர் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க பதினாலாவது பேரு வீட்டுப் பொண்ணுன்னு மருமக சொன்னா. எங்கப்பா பண்ணது சரின்னு நான் இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லம்மா. கதவுக்கு வெளிய படைக்காரங்க என்னைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருந்தாங்க. எனக்கு ஆறு வயசு. அப்பான்னு கத்துடான்னாங்க, கத்துனேன். அவரு தொறந்துட்டாரு. அங்க முப்பத்திரண்டு பேரு, இங்க நான் ஒருத்தன். எனக்கும் கணக்குத் தெரியும்மா."

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"அந்தப் பசங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். காவல் குடிசைலதானே சாப்பிடுவாங்க. மொத பேரு படகுக்காரர் மூத்த பையன். ரெண்டாவது மாவு மில்லுல இருந்தவரு, கை எப்பவும் வெள்ளையா இருக்கும். மூணாவது..." ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். கல்லில் உள்ள வரிசை மாறவில்லை. "பதினாலு உங்க பெரியப்பா. என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு பாலத்தோட இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் விசில் அடிச்சுக்கிட்டே போவாரு."

"விசில் அடிப்பாரா?" என்றாள் டீச்சர்.

"நல்லா அடிப்பாரு. தெரியாதாம்மா?"

அவளுக்குத் தெரியாது. அவர் செத்த தேதி தெரியும், கிழமை தெரியும், மணி கூடத் தெரியும். விசில் அடிப்பார் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிளம்பும்போது பெரியவர் ஒன்றுதான் கேட்டார்: "எனக்கு ஒண்ணும் வேணாம். கொழந்தைய மட்டும் பள்ளிக்கூடத்துல தலைநிமிந்து உக்கார வைங்க."

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். கேமராக்காரர் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டார். ஹெட்மாஸ்டர் புதுச்சட்டை. முதல் பெஞ்சில் வாயாடியின் இடம் காலி. நான் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

பாடம் நன்றாகவே போயிற்று. அந்த வரி வந்தது. தேதி டீச்சர் சாக்பீஸைத் தூக்கவில்லை. மேஜையில் வைத்துவிட்டாள். ஆனால் பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை. "தூ!" என்றார்கள். அதிகாரி கை தட்டினார்.

"இது உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றாள் அவள்.

"நீங்கதான் டீச்சர்."

"ஆமா. நான்தான். தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். கதவத் தொறந்தது துரோகம்தான், அத மாத்த முடியாது. ஆனா அவருக்கு ஆறு வயசுல ஒரு பையன் இருந்தான். அவனைப் பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. புத்தகத்துல அது இல்ல. இப்ப எல்லாரும் உங்க அப்பாவ நினைச்சுக்கோங்க. அவரு அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பாரு?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"எங்கப்பா தொறந்திருப்பாரு டீச்சர்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.

"கேமராவ நிறுத்துங்க" என்றார் அதிகாரி. "என்னம்மா இது? நாட்டுப்பற்று சொல்லிக்கொடுங்கன்னா துரோகிக்கு வக்காலத்து வாங்குறீங்க?"

"அந்தப் பதினாலாவது பேரு என் பெரியப்பா சார். எனக்கு நாட்டுப்பற்று இல்லன்னு நீங்க சொல்ல வேணாம்."

சொன்னது சரிதான். ஆனால் அதிகாரியிடம் சரியாகப் பேசினால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. அவள் வரலாறு எடுக்கக் கூடாது. ஹெட்மாஸ்டர் தலையைச் சொறிந்துவிட்டு எங்கள் இருவரையும் இடம் மாற்றினார். அவள் என் வகுப்பில் கணக்கு. நான் அவள் வகுப்பில் வரலாறு. பின்னத்தைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. எனக்குத் தேதி நிற்காது. பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது வாயாடி வந்தாள். அம்மா கேட் வரை கொண்டுவந்து விட்டுப் போனாள். யாரும் ஸ்கேலைத் தூக்கவில்லை. அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் தன் பென்சில் பெட்டியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. முதல் பெஞ்சைத் தாண்டிப் போய், ஜன்னலோரம் காலியாகக் கிடந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். கேட்டால் மட்டும் பதில் சொன்னாள், அதுவும் காதில் விழாத குரலில்.

மறுநாள் திருப்புதலில் பதினோராம் பாடம். விட்டுவிடலாமா என்று பார்த்தேன். பரீட்சைக்கு வரும் பாடம், விட முடியாது. வேகமாக வாசித்துக்கொண்டு போனேன். அந்த வரியை எட்டியபோது என் குரல் தானாகத் தணிந்தது. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து அந்த வெண்கலக் குரல் கேட்டது.

"தூ!"

அவள் மட்டும். எழுந்து நின்று, எச்சில் வராமல், முறைப்படி. சொல்லிவிட்டு வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள், நானும் உங்கள் ஆள்தான், இப்போதாவது நம்புங்கள் என்பதுபோல. பதினோரு வயது. அவளுக்கு அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. கையில் புத்தகம் இருந்தது, அடுத்த வரி கண்ணில் படவே இல்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்கு நின்றுபோயிற்று. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தேதி டீச்சர் வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வரலாற்று வகுப்புக்குள் அவள் கால் வைக்கக் கூடாது, ஹெட்மாஸ்டர் அறை எதிரேதான். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. நேராக ஜன்னலோரப் பெஞ்சுக்குப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றாள்.

"வேணாம்டி கண்ணு" என்றாள். "நீ சொல்ல வேணாம்."

வாயாடி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெகு நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.