அக்காவினுடையதைவிட நீளமான லென்ஸ்

செய்டி மீன் லாரிக்காரனோடு ஓடிப்போனாள் என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அவர்களை ஒன்று கேட்க வேண்டும். ஓடிப்போகிறவள் பட்டப்பகலில் முன்வாசல் வழியாகவா போவாள்? அதுவும் வில்பெர்த்தோடு? பெட்டியிலிருக்கும் டிரவுட் மீனுக்கு ஐஸ் உருகிவிடுமோ என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது. மளிகைக் கடை ரொசிபெல் சொல்லிவிட்டால் அது வேதவாக்கா? ரொசிபெல் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே மலைக்கு அந்தப் பக்கம் நடப்பதையும் பார்க்கிறவள் ஆயிற்றே.

செய்டியைக் கிளப்பியது ஆண்பிள்ளை இல்லை. பொறாமை. கூடப் பிறந்த அக்கா ஒடிலி மேல், நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டினாற்போல ஒரு பொறாமை. அதைச் சொன்னால் அவளுக்குக் கெட்ட பெயர் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அக்கா மேல் தங்கை பொறாமைப்படுவது பாவம் என்றால், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இந்த மலையில் பாதிரியார் மட்டும்தான் வந்து நிற்பார்.

நாற்பதை எட்டிய செய்டி கல்யாணம் கட்டவில்லை. ஒடிலி புருஷனை இழந்தவள். அப்பன் கட்டிய மரவீட்டில் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். செய்டி சின்ன வயதிலிருந்து அக்கா போட்டுக் கழித்த கம்பளிச் சட்டையைத்தான் போட்டாள், அக்கா படித்துக் கிழித்த புத்தகத்தைத்தான் படித்தாள். அதெல்லாம் அவளைச் சுடவில்லை. சுட்டது தோன் எஃப்ராயின் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவர்.

செய்டி அந்த விடுதியில் சமையற்காரி. மீனைப் பூண்டும் வெண்ணெயும் போட்டுப் பொரித்து, தட்டைத் தானே ஏந்திப் போய் மேசையில் வைப்பாள். கெட்சால் பறவையைப் பார்க்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் தலை நிமிர்ந்து சுவரைப் பார்ப்பார்கள். அங்கே ஆண் கெட்சால் ஒன்று, மார்பு ரத்தச் சிவப்பாக, பச்சை வால் முழ நீளத்துக்குத் தொங்க, பட்டுப்போன மரத்தின் பொந்தில் தொற்றிக்கொண்டிருக்கும். இறகின் ஒவ்வொரு இழையையும் எண்ணலாம். ‘இதை எடுத்தது யார்?’ என்பார்கள். ‘என் அக்கா’ என்று செய்டி சொல்ல வேண்டும். மேசைக்கு மேசை, நாள் தவறாமல்.

அந்தப் பொந்தைக் கண்டுபிடித்ததே செய்டிதான். சுள்ளி பொறுக்கப் போனவள், செத்த மரத்தின் ஓட்டையிலிருந்து இரண்டு பச்சைப் பெரணி இலை ஆடுவதைப் பார்த்தாள். காற்றில்லாமல் எப்படி ஆடும் என்று நின்று கவனித்தபோது, அது உள்ளே அடைகாக்கும் ஆண் பறவையின் வால் என்று தெரிந்தது. சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து முதலில் அக்காவிடம் சொன்னாள். மறுநாள் விடிவதற்குள் அக்கா கேமராவோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். கெட்சால் ஜோடி அடுத்த வருஷமும் அதே மரத்துக்கு வந்தது. அதற்குள் சுவரில் படமும் ஏறியிருந்தது.

இந்தத் தடவை குஞ்சு பறப்பதற்குள் தன் படம் ஒன்றை அந்தச் சுவரில் ஏற்றிவிட வேண்டும், ‘நான் எடுத்தது’ என்று ஒரு மேசையிலாவது சொல்லிவிட வேண்டும் என்று செய்டிக்கு ஒரே வெறி. ஆசை ஆசையாக வளர்த்த கிடாரியை விற்றாள். தலைநகர் சான் ஹோசேவுக்கு பஸ் ஏறினாள்.

கேமரா கடையில் நின்ற இளவட்டம் நல்ல பிள்ளை. முதல் தடவை வாங்குகிறவள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான். எங்கே நின்று, எதை எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். மலையில், பறவையை என்றாள். வீட்டில் வேறு யாரிடமாவது கேமரா இருக்கிறதா என்று கேட்டான். அக்காவிடம் இருக்கிறது என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னாள்.

“அப்ப அதே கம்பெனியா எடுத்துக்கங்க சீமாட்டி. கேமரா பாடி சுமாரா இருந்தாப் போதும். ஒருத்தர் லென்ஸை இன்னொருத்தர் மாட்டிக்கலாம், செலவு மிச்சம்.”

அவன் நல்லதைத்தான் சொன்னான். ஆனால் செய்டியின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. மறுபடியும் அக்காவின் சட்டை. அந்த நிமிஷமே அக்காவினுடையதல்லாத கம்பெனியைக் காட்டி, அதைத்தான் எடு என்றாள். காட்டுக்குள் வெளிச்சம் குறைவாயிருக்குமே, கட்டையானாலும் வாய் அகன்ற லென்ஸ் ஒன்றைப் பாருங்கள் என்று அவன் ஒரு குட்டையான சாமானை எடுத்து வைத்தான். செய்டி அதைத் தொடவேயில்லை. அக்கா ஊருக்குள் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் நீள லென்ஸ்தான் அவள் கண்ணில் நின்றது.

எங்கள் மலையில் வெட்டுக்கத்தி வாங்குவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். முழங்கையில் அடியை வைத்து, நுனி எந்த விரல்வரை வருகிறது என்று பார்ப்போம். நீளம் கூடினால் வீச்சு கூடும். செய்டி கடையிலிருந்த லென்ஸை ஒவ்வொன்றாக வாங்கி முழங்கையோடு வைத்து அளந்தாள். பையன் வாயைப் பொத்திக்கொண்டான். கடைசியில் ஒன்று, இழுத்து நீட்டினால் அக்காவினுடையதைவிட ஒரு சாண் கூட வந்தது. அதை வாங்கிக்கொண்டு வீடு வந்தாள்.

“லென்ஸா அது? நான் பால் கறந்து ஊத்தற கேன்னுல்ல நினைச்சேன்” என்று ரொசிபெல் கடை வாசலில் நின்று கிண்டல் பண்ணினாள். செய்டிக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. பெரிதாக இருக்கிறது என்பதைத்தானே சொல்கிறாள்!

காடு அவளைக் காறித் துப்பியது. மேகம் இறங்கினால் பகல் பத்து மணிக்கே பாசி பிடித்த ஓக் மரங்களுக்கடியில் சாயங்காலம்போல இருட்டிவிடும். நீளம் அதிகம், வாயோ சின்னது; அந்த லென்ஸுக்குள் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. அது நிறைவதற்குள் பறவை தலையைத் திருப்பிவிடும். படத்தில் பச்சையும் சிவப்பும் மழையில் நனைந்த சாயம்போல இழுபட்டுக் கிடக்கும். லென்ஸ் ஆடாமலிருக்க பீன்ஸ் மூட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தாள். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையே கூட்டிப் பிடிக்கச் சொல்லிக் கேமராவைத் திருகியபோது, படமெல்லாம் புள்ளி விழுந்து பறவைமேல் சோளமாவைத் தூவினாற்போல வந்தது. ஃபிளாஷ் போட எங்கள் ஊரில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அடைகாக்கும் பறவை மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடும். ராத்திரி அக்கா தன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாள். செய்டி முதுகைக் காட்டிக்கொண்டு தோர்த்தியா ரொட்டி தட்டுவாள்.

அக்காவிடம் ஏதோ சூது இருக்கிறது என்று ஒருநாள் பின்னாலேயே போனாள். சாக்குத் துணியால் மறைப்புக் கட்டி, மரத்துக்கு வெகு அருகில் ஒடிலி குந்தியிருந்தாள். தோளில் போட்டு வந்த நீள லென்ஸ் கீழே புல்லில் கிடந்தது. ஒடிலி ஏப்ரன் பையிலிருந்து குட்டையான ஒன்றை எடுத்து மாட்டினாள். வாய் கிண்ணம்போல அகன்றிருந்தது. கடைக்காரப் பையன் எடுத்து வைத்தானே, அதே ஜாதி. நீளமானது ஊருக்குக் காட்டத்தான். படம் எடுத்ததெல்லாம் ஏப்ரன் பைக்குள் இருந்ததுதான். செய்டி வந்த வழியே திரும்பினாள். அன்றைக்கு விடுதியில் அவள் பொரித்த மீன் எல்லாம் கருகியது.

எங்கள் மலையில் உடன்பிறந்தவர்களும் ஒருவரையொருவர் மரியாதை கொடுத்துத்தான் பேசுவோம். நாயை விரட்டினாலும் ‘நீங்க வெளியே போங்க’ என்போம். அதனால் அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த சண்டையும் மரியாதையாகத்தான் நடந்தது. ஒடிலி இரண்டு கோப்பையில் சூடாக வெல்லத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, ஏப்ரனுக்குள் கையை விட்டு அந்தக் குட்டை லென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“நீங்க பின்னால வந்ததைப் பார்த்தேன். இதை மாட்டிக்கங்க. நாளைக்கு நான் வரல.”

செய்டிக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் குஞ்சுகள் பொந்துக்கு வெளியே தலை நீட்ட ஆரம்பித்திருந்தன. எடுத்து மாட்டினாள். அது உட்காரவில்லை. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். தவறான பாட்டிலுக்குப் போட்ட மூடிபோல வழுக்கிக்கொண்டே இருந்தது.

ஒடிலி எட்டிப் பார்த்தாள். “இது வேற கம்பெனியா?”

“ஆமா.”

“இதே கம்பெனியா வாங்கியிருந்தா ரெண்டு பேரும் மாட்டியிருக்கலாமே. கடையில யாரும் சொல்லலியா?”

“சொன்னாங்க.”

ஒடிலிக்குப் புரிந்துவிட்டது. கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். அப்புறம் உள்ளே போய்த் தன் கேமராவையே கொண்டு வந்தாள்.

“அப்ப இதையே எடுத்துக்கிட்டுப் போங்க.”

“உங்க கேமரா, உங்க லென்ஸ். அதுல வர்றது உங்க படம்.”

“அழுத்தற விரல் உங்களுதுதானே.”

“சுவத்துல மாட்டினா விரலை யாரு பார்க்கறா?”

பிடிவாதக்காரி என்று திட்டுங்கள், நியாயம்தான். அந்தக் கேமராவை அவள் தொடவில்லை. அந்த வாரத்திலேயே குஞ்சுகள் பறந்துவிட்டன.

அதற்கப்புறம் ஒரு நடுப்பகல், மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. விடுதியின் மீன்குளத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு இறங்கி டிரவுட் குஞ்சைத் திருடிக்கொண்டிருந்தது. செய்டி கரண்டியைப் போட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினாள். கொக்கு மீனை மேலே எறிந்து வாயில் பிடிக்கிற அந்தக் கண்சிமிட்டலில் அழுத்தினாள். படத்தைப் பார்த்தவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மீனின் செதிலும் தெறித்த துளியும் கொக்கின் மஞ்சள் கண்ணும் அப்படியே கத்திபோல வெட்டி நின்றன. குளத்தின் அக்கரையிலிருந்து எடுத்தது. ஏப்ரன் பை லென்ஸால் அவ்வளவு தூரம் எட்டவே முடியாது. லென்ஸ் மேல் குற்றமில்லை, நிழல்தான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஓடிப்போய் தோன் எஃப்ராயினிடம் காட்டினாள். அவர் மனம்விட்டுப் பாராட்டத்தான் செய்தார். ஆனால் என் மீனைத் திருடுகிற கழுதையை என் சுவரிலேயே மாட்டச் சொல்கிறீர்களே என்று சிரித்தார். கெட்சாலுக்காகத்தானே ஜனங்கள் இந்தக் குளிரில் ஏறி வருகிறார்கள், கெட்சால் கொண்டு வாருங்கள் என்றார். கொக்குப் படத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் வில்பெர்த், மீன் ஏற்ற வந்தவன். கீழே கடற்கரையில், நிக்கோயா வளைகுடாவில், தான் மீன் இறக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் உப்பளம் இருக்கிறது, அங்கே இந்த மாதிரிப் பறவைகள் மறைக்க ஒரு செடிகூட இல்லாமல் ஆயிரக்கணக்கில் நிற்கும் என்றான். அந்தக் கடைக்கு ஒரு சமையற்காரி வேண்டும் என்பதையும் சொன்னான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

செய்டி யோசித்தது பறவையை மட்டுமில்லை. அங்கே ஒடிலி யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

புறப்பட்ட அன்று வெயில் நன்றாக ஏறியிருந்தது. துணிமூட்டை ஒன்று, இலையில் கட்டிய சோறும் பீன்ஸும், கேமரா, அந்த நீள லென்ஸ். ஒடிலி வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அந்த வெயில் ஆளைக் கொன்னுடும்.”

“என் லென்ஸுக்கு அதுதான் வேணும்.”

“அடுத்த வருஷம் கூடு கட்டற நேரத்துக்காவது வாங்க. நான் காட்டுப் பக்கமே போகல. உங்களுக்கே விட்டுத் தர்றேன்.”

விட்டுத் தருகிறேன் என்ற சொல்தான் செய்டியை இன்னும் ஓர் அடி வெளியே தள்ளியது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். வில்பெர்த் ஹாரன் அடித்தான். பின்னால் ஏதோ அசைவது தெரிந்து திரும்பிப் பார்த்தாள். வாசல் வெளிச்சத்தில் தங்கை போகிற கோலத்தைப் பிடித்துக்கொள்ள ஒடிலி கேமராவைக் கண்ணுக்குத் தூக்கியிருந்தாள்.

“இறக்குங்க ஒடிலி” என்றாள் செய்டி. “என்னை நீங்க எடுக்க வேண்டாம்.”

ஒடிலி இறக்கினாள். செய்டி அதைப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் வேலியைத் தாண்டினாள்.