வால்வுக்காரரின் ராத்திரிக் கணக்கு

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரருக்கு எதையும் தானே நோண்டிப் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும். இருபத்தாறு வருடமாகக் குழாய்களின் அழுத்தத்தைப் பார்த்து வருகிறவர். பகலில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும்போது மீட்டரின் முள் இறங்கும். ராத்திரி ஊர் அடங்கியதும் விறுவிறுவென்று ஏறும். குழாய் வெடிப்பதெல்லாம் அந்த நேரத்தில்தான்.

ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் மாத்திரை எழுதி, "காலையில போடுங்க" என்றபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி ஏறுவதற்குக் காலையில் மாத்திரையா? யாரிடமும் மூச்சு விடாமல் படுக்கப் போகும்போது போட ஆரம்பித்தார்.

அது சிறுநீரை அதிகம் பிரிக்கிற மாத்திரை. ராத்திரிக்கு நாலு தடவை எழுப்பிவிட்டது. விடிந்ததும் வால்வுக் குழியின் இரும்புப் படியில் இறங்கினால் தலை கிறுகிறுத்தது. ஒருநாள் கால் நழுவி, நல்லவேளை, படியைப் பிடித்துத் தொங்கினார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களைக் குழியில இறங்க விடமாட்டேன்" என்றார் மேலதிகாரி. குழியில் இறங்காவிட்டால் தான் எதற்கு என்று மனிதர் உண்மையிலேயே பயந்துபோனார்.

மனைவி டாக்டரிடம் இழுத்துப் போனாள். மாத்திரை நேரம் மாறிய விஷயம் அம்பலமானது. டாக்டர் திட்டவில்லை.

"இன்னைக்கு ஒரு ராத்திரி உங்க இஷ்டப்படியே போடுங்க. என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். நாளைக்குக் குழிப் பக்கம் போகாதீங்க."

நாள் முழுக்க ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை டாக்டர் அவர் கையில் கட்டிவிட்டார். கூட வந்த மனைவிக்கும் அழுத்தம் கொஞ்சம் அதிகம் இருந்ததால் அவளுக்கும் ஒன்று.

மறுநாள் அழுத்தத்தைக் கோடாகக் காட்டும் இரண்டு தாள்கள் வந்தன. அவருடைய கோடு பத்து மணியிலிருந்து சரசரவென்று இறங்கியிருந்தது.

"எல்லாரும் தூங்கினா ஏறணுமே டாக்டர்?"

"உங்க மோட்டார் ராத்திரியும் அதே வேகத்துல தள்ளும். உடம்புல மோட்டாரே மெதுவாயிடுதுங்க. தானா இறங்குறதை நீங்க மாத்திரை போட்டு இன்னும் இறக்குறீங்க."

காரணம் புரிந்ததும் வால்வுக்காரருக்கு ஒரே குஷி. ஆசையோடு மனைவியின் தாளையும் இழுத்துப் பார்த்தார்.

"அப்ப இது ஏன் இறங்கவே இல்ல?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "நீங்க எழுந்து போனா, திரும்பி வந்து படுக்கிற வரைக்கும் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? எங்க விழுந்து கிடக்கிறீங்களோன்னு காதைத் தீட்டிக்கிட்டே கிடப்பேன்."

வால்வுக்காரர் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"காலையில நீயே குடு."