கேட்டபோது கொடுக்காத கடிதம்

தெலுக் செம்பாக்காவில் மனு எழுத வேண்டுமென்றால் யாரும் வக்கீலைத் தேடிப் போவதில்லை. ஜெட்டித் தெருவில் சாதிக் பாட்சாவின் உணவகத்தில் ஒரு கோப்பை தே சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். ரொட்டி சானாய் மாவு ஒட்டிய கையைத் துண்டில் துடைத்தபடி வருவார், நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்குவார், நல்ல மலாயில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவார். தெருவிளக்கு எரியவில்லையா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, படகுக்காரருக்கு உரிமம் இழுத்தடிக்கிறார்களா, எல்லாவற்றுக்கும் அவருடைய மனுதான். காசு வாங்க மாட்டார். புகழ்ச்சியை வாங்கிக்கொள்வார், அதில் குறை வந்தால் முகம் சுண்டிவிடும்.

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த மனிதர், ஒருத்தி கேட்டபோது மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு கடிதம் இன்றுவரை அவரைத் தின்கிறது.

கோத்தா திங்கியிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் வந்தால் இந்த ஊர். வழியெல்லாம் செம்பனை, முடிவில் கடல். ஒரு காலத்தில் மீன்பிடிப் படகும் தோட்டத்து லோரியும்தான் வந்து போகும். பிறகு கடற்கரை நெடுக ரிசோர்ட் எழும்பியது. சனி ஞாயிறானால் சிங்கப்பூர் கார்கள் ஜெட்டித் தெருவில் வரிசை கட்டி நிற்கும். தெருவில் இருபத்திரண்டு கடைகள். கடை வாசல்களை ஒட்டிக் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதையை எங்கள் பக்கத்தில் அஞ்சடி என்போம். சாதிக் பாட்சாவின் அஞ்சடியில், வலது தூணுக்கும் சுவருக்கும் நடுவே, வெள்ளையம்மா இருபத்தாறு வருஷம் ஆப்பம் ஊற்றினாள்.

தோட்டத்தில் புருஷன் லோரி கவிழ்ந்து இறந்துபோன பிறகு, கைக்குழந்தை மலரோடு வந்தவள். சாதிக் பாட்சாவின் மனைவி மீரா பீவிதான் அவளைப் பார்த்து, "என்னங்க, நம்ம மூலை சும்மாதானே கெடக்கு, அந்தப் புள்ள ரெண்டு அடுப்பு போட்டுக்கட்டும்" என்றாள். அவரும் தலையாட்டினார். அவ்வளவுதான் ஒப்பந்தம். வாடகை கிடையாது. தண்ணீரும் மின்சாரமும் கடையிலிருந்து. பதிலுக்குத் தினமும் முதல் ஆப்பம் சாதிக் பாட்சாவுக்கு, ஓரம் முறுகலாக, நடுவில் தேங்காய்ப்பால் ஊற்றி. வாடிக்கையாளர்கள் அவளிடம் ஆப்பம் வாங்கி அவருடைய மேசையில் உட்கார்ந்து அவருடைய தே குடித்தார்கள். எது யாருடைய கடை என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது. நோன்பு மாதத்தில் அவர் பகலெல்லாம் அடைத்திருப்பார் என்பதால் அவளும் காலை வியாபாரத்தை மாலைக்கு மாற்றிக்கொள்வாள். நோன்பு திறக்கும் நேரத்துக்கு மலாய்க்காரர்களும் அவளிடம் வரிசையில் நிற்பார்கள்.

ஏறக்குறைய பத்து வருஷம் முன்பு மலர் கோத்தா திங்கியில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். விவரமான பெண். மாவட்ட மன்றத்தில் சிறு வியாபாரிகளுக்கு உரிமம் கொடுக்கிறார்கள் என்று விண்ணப்பப் பாரம் வாங்கி வந்து பூர்த்தி செய்தாள். கடைக்காரர் ஒரு கடிதம் தரவேண்டும், இந்த இடத்தில் இவர் வியாபாரம் செய்ய எனக்குச் சம்மதம் என்று. மூன்று வரி. வெள்ளையம்மா ஒரு காலை வியாபாரம் முடிந்ததும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கல்லாப் பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணே, மலரு என் பேர்ல லைசென் எடுக்கணும்னு சொல்லுது. நீங்க ஒரு பேப்பர் எழுதித் தரணுமாம்."

சாதிக் பாட்சாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை மாறாமல் நடந்துகொண்ட மனிதனிடம் பேப்பர் கேட்கிறாளே என்றுதான் முதலில் தோன்றியது.

"நமக்குள்ள என்ன பேப்பர் வெள்ளையம்மா? நாளைக்கு நான் வெளிய போகச் சொல்லிருவேன்னு நெனச்சிட்டியா?"

"அய்யோ, அப்படி இல்லண்ணே."

"எங்க அத்தா வாயால சொன்ன சொல்லுக்குக் கடைசி வரைக்கும் நின்ன மனுசன். நானும் அப்படித்தான். பேப்பர்லாம் நம்பாத ஆளுங்களுக்கு."

அவர் முகத்தைப் பார்த்ததும் வெள்ளையம்மா பதறிப்போனாள். "விடுங்கண்ணே, சின்னப் புள்ள ஏதோ சொல்லுச்சி. மனசுல வச்சுக்காதீங்க" என்று, கேட்க வந்தவளே கொடுக்காதவரைத் தேற்றிவிட்டுப் போனாள். மறுநாள் அவருக்கு இரண்டு ஆப்பம் வந்தது. அவரும் பெருந்தன்மையோடு சாப்பிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் ஐஸ் விற்கும் சீனக் கிழவர் ஒருவருக்கு, அவருடைய கடைக்காரர் கையெழுத்துப் போட, அதே போன்ற கடிதத்தை அவர்தான் எழுதிக் கொடுத்தார். அது ஊர் வேலை, இது குடும்பத்து விஷயம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

கொரோனா வந்து போனது. தெருவில் பழைய கடைகள் சில திறக்கவே இல்லை. தையல்காரர் மணியத்தின் கடை பபுள் டீ ஆனது. மளிகைக்கடை, சிங்கப்பூரிலும் ஜோகூர் பாருவிலும் பத்துப் பதினைந்து கிளை வைத்திருக்கும் காப்பிக் கடை ஆனது. ரிசோர்ட் ஆட்கள் வார இறுதியில் ஐஸ்கிரீம் வண்டிகளைக் கொண்டுவந்து யாருடைய அஞ்சடியிலாவது நிறுத்திவிட்டுப் போனார்கள். எந்த ஊருக்குப் போனாலும் இதே கடை, இதே போர்டு, இதே கோப்பை. சாதிக் பாட்சாவுக்கு ரத்தம் கொதித்தது. அவர் கோபம் நியாயமானதுதான், அதைச் சொல்லியாக வேண்டும்.

வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மனுமேல் மனுவாக எழுதினார். ஒரு வருஷம் அலைந்தார். கடைசியில் மாவட்ட மன்றம் இறங்கி வந்தது. ஜெட்டித் தெருவை உள்ளூர் வியாபாரத் தெருவாக அறிவிக்கிறோம், யார் உள்ளூர் வியாபாரி என்பதைச் சங்கமே எழுதிக் கொடுக்கட்டும், அப்படியே போட்டுவிடுகிறோம் என்றார்கள். இதைவிட ஒரு மரியாதை அவருக்கு வேண்டுமா? மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். இருபது வருஷமாகத் தன் பெயரில் உரிமம் வைத்துத் தொடர்ந்து கடை நடத்துபவரே உள்ளூர் வியாபாரி. அஞ்சடியில் விற்பவர் இந்த விதி வருமுன்பே சிறு வியாபாரி உரிமம் பெற்றிருக்க வேண்டும், அது இல்லாத எவருக்கும் இத்தெருவில் இடமில்லை. ஐஸ்கிரீம் வண்டியை மனதில் வைத்து எழுதிய வரி அது.

சங்கக் கூட்டத்தில் படித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்துக்கு வந்த நாற்பது பேருக்கும் அன்று வெள்ளையம்மாவின் ஆப்பம். "நம்ம தெருவுக்கு நல்லது நடக்குது, எனக்குக் காசு வேணாம்" என்று அவள் ஒரு சல்லி வாங்கவில்லை. வாசலில் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். கையில் காகிதத்தோடு படித்துக்கொண்டிருந்த சாதிக் பாட்சாவுக்கும் அவளுக்கும் நடுவே பத்தடி தூரம். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. அவள் கடையை அவர் தன் கடை என்றே நினைத்துப் பழகிவிட்டார். தன் கடைக்குத்தான் நாற்பது வருஷ உரிமம் இருக்கிறதே.

விதி வந்தது. கடைகளுக்கு நீல நிறத் தகடு கொடுத்தார்கள், அசல் உள்ளூர்க் கடை என்று மலாயில் எழுதியது. முதல் தகடு சாதிக் பாட்சாவுக்கு. அதற்கு மறுவாரம் மன்றத்தின் உரிமப் பிரிவிலிருந்து சாந்தினி வந்தாள். நம் தமிழ்ப் பிள்ளைதான், லாயாங் லாயாங்கிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவள். கையில் ஒரு பட்டியல்.

"அங்கிள், வெளிய ஆப்பம் விக்கிற ஆண்ட்டிக்கு லைசென்ஸ் இருக்கா?"

"அது நம்ம கடைதான்மா."

"உங்க லைசென்ஸ் உள்ள இருக்கிற ரெஸ்டோரன்ட்டுக்கு. அஞ்சடிக்கு வேற. அவங்க பேர்ல எதுவும் இல்ல. முப்பது நாள் டைம் குடுத்திருக்கோம்."

"அலமாக், என்னம்மா பேசுற? இருபத்தாறு வருசமா இங்கதான் இருக்கா. ஊரையே கேளு லா."

சாந்தினி தயங்கினாள். பிறகு பையிலிருந்து விதியின் நகலை எடுத்து, அந்த வரியில் விரலை வைத்தாள். "ஊருக்குத் தெரியும் அங்கிள். எனக்கும் தெரியும், நானே இங்கதான் சாப்பிடுறேன். ஆனா இது நாங்க எழுதினது இல்ல. நீங்க எழுதிக் குடுத்தது. முன்னாடியே ஒரு சின்ன லைசென்ஸ் எடுத்திருந்தா யாரும் தொட முடியாது. கேட்டிருந்தாக் குடுத்திருப்பாங்களே. ஏன் எடுக்கல?"

சாதிக் பாட்சா வாசல் பக்கம் பார்த்தார். வெளியே வெள்ளையம்மா சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. சங்கத்தைக் கூட்டி அந்த வரியை மாற்ற வேண்டும் என்றார். மாற்றினால் ஐஸ்கிரீம் வண்டிக்காரனும் உள்ளே வருவானே பாய், நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள் என்றார் ராஜசேகரன், எதிர்வரிசைப் புத்தகக் கடைக்காரர். உண்மைதான், அவர்தான் சொன்னார், அதுவும் மேசையைத் தட்டிச் சொன்னார். சங்கத்துக்கும் மாவட்ட மன்றத்துக்குமாக அலைந்தார். முப்பது நாளில் ஒரு வரி மாறுமா? முப்பதாம் நாள் காலையிலும் அவருக்கு முதல் ஆப்பம் வந்தது. வெள்ளையம்மா அடுப்பைக் கழற்றி, சட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி, மூலையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போயிருந்தால் அவருக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கசப்பு. கடற்கரை ரிசோர்ட் ஒன்று அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. காலை பஃபேயில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு மூலை, மேலே 'உள்ளூர் ருசி' என்று பலகை, அடியில் வெள்ளையம்மா, தலையில் வெள்ளைத் தொப்பி. அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு மட்டும். அவள் ஆப்பத்தைத் தின்று வளர்ந்த படகுக்காரர்களும் லோரி டிரைவர்களும் அந்தக் கேட்டுக்குள் கால் வைக்க முடியாது. ஊர்க்குணத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரில் மிச்சமிருந்ததையும் ரிசோர்ட்டுக்குள் தள்ளிவிட்டோமே என்று அவர் மீரா பீவியிடம் ஒரு நாள் சொன்னார். "தள்ளிட்டோம்னு சொல்லாதீங்க. நான் மூலையைக் குடுத்தேன்" என்றாள் அவள்.

காப்பிக் கடையோ எங்கும் போகவில்லை. மளிகைக்காரரின் பழைய உரிமத்தைப் பெயரோடு வாங்கிப்போட்டிருந்தார்கள். அவர்கள் வாசலிலும் நீலத் தகடு மின்னுகிறது.

ஒன்றரை வருஷம் ஆனது அந்த வரியை மாற்ற. பத்து வருஷத்துக்கு மேல் அஞ்சடியில் விற்றவருக்குக் கடைக்காரர் கடிதம் கொடுத்தால் உரிமம் உண்டு என்று போன மாதம் வந்தது. அன்றே சாதிக் பாட்சா கடிதத்தை எழுதினார். மூன்று வரிதான். கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரையும் குத்தி, மோட்டார் சைக்கிளில் ரிசோர்ட்டின் பணியாளர் கேட்டுக்குப் போனார். பாதுகாவலர் உள்ளே விடவில்லை. கால் மணி நேரம் வெயிலில் நின்றபிறகு வெள்ளையம்மா வெளியே வந்தாள். இளைத்திருந்தாள்.

"மதினி நல்லா இருக்காங்களாண்ணே?"

"இருக்கா. இந்தா, இதப் பாரு."

"கண்ணாடி உள்ள இருக்கு. படிங்களேன்."

அவர் படித்தார், மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டு வருசம் முந்தி நான் கேட்டது இதானேண்ணே?"

எட்டல்ல, இப்போது பத்து ஆகப் போகிறது. அவர் திருத்தவில்லை.

"நான்தான் வெள்ளையம்மா. ஒன்ன அந்த எடத்த விட்டுத் துரத்தினது நான்தான்" என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அப்படி இல்லண்ணே, மனசுல வச்சுக்காதீங்க என்று அன்று தேற்றியதைப் போல இன்றும் தேற்றுவாள் என்று அவருடைய மனதின் ஒரு மூலை காத்திருந்தது.

"ஆமாண்ணே" என்றாள் வெள்ளையம்மா.

பிறகு கை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். "குடுங்க, வச்சிக்கிறேன். நான் கேட்டதுதானே." நான்காக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள். "ஒரு ஆப்பம் கொண்டாந்து குடுக்கலாம்னா, உள்ள சுடுறத வெளிய கொண்டுவர விடமாட்டாங்க. வெயில்ல நிக்காதீங்க, கெளம்புங்க."

வீட்டுக்கு வந்ததும் மீரா பீவி கேட்டாள், "வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கிக்கிட்டா."

"அப்ப மூலையைக் கழுவி வைக்கச் சொல்லவா?"

"வேணாம்," என்றார் சாதிக் பாட்சா. "வச்சிக்கிறேன்னுதான் சொன்னா. அவ வரமாட்டா."