சுண்ணாம்புச் சுவரும் வைகுண்டராஜனும்

நாகர்கோவிலில் பெரிய அதிகாரிகள் குடியிருக்கும் அரசு பங்களா ஒன்று உண்டு. திருவிதாங்கூர் காலத்துக் கட்டடம். அதைப் பராமரிக்கும் மேற்பார்வையாளர் வைகுண்டராஜன். முப்பத்தோரு வருஷமாக ஓட்டிலிருந்து கதவுக் கொண்டி வரை எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. 'பங்களா மாப்பிள்ளை' என்று அலுவலகத்தில் கேலி செய்வோம். மனுசனுக்கு அதில் பெருமைதான்.

ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கையில், புது அதிகாரி கிருஷ்ணப்ரியா நான்கு நாளில் குடிவருவதாகத் தகவல் வந்தது. சுண்ணாம்பு நீற்றி மூன்று பூச்சு பூசிக் காயவிட இரண்டு வாரமாவது வேண்டும். அதற்கெல்லாம் நேரமில்லை என்று வைகுண்டராஜன் கொத்தனார் முருகதாஸிடம் பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்.

"சாரே, இது சுண்ணாம்புச் சுவராக்கும். பெயிண்ட் அடிச்சா மூச்சு முட்டிப் போவும்."

"சொன்னத செய்யும் வே."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆனி மழையில் ஈரம் வெளியேற வழியில்லாமல் படுக்கையறைச் சுவர் அப்பளமாய்ப் பொங்கி உதிர்ந்தது.

"யார் செஞ்ச வேலை இது?" என்று கேட்டார் கிருஷ்ணப்ரியா.

"கொத்தனாருக்க வேலை அம்மா. நான் சொல்லியும் கேக்கல்ல" என்றார் வைகுண்டராஜன்.

பக்கத்தில்தான் முருகதாஸ் நின்றார். சுண்ணாம்பு வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை என்ற பேர் ஒன்றுதான் அவருக்குச் சொத்து. அதையும் பறித்தாயிற்று.

ஞாயிறு காலை வைகுண்டராஜன் அய்யாவழிக் கோயிலான நிழல்தாங்கலுக்குப் போனார். அய்யாவழிக்காரர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடியின் முன்னால்தான் கும்பிடுவார்கள். அங்கே சிலை கிடையாது. தன் முகத்தைத் தானே பார்க்க அவருக்குக் கூசியது. அவமானம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்லிவிடுவதென்று நேரே பங்களாவுக்கு நடந்தார்.

அங்கே முருகதாஸ் ஏணியில் நின்று பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கீழே தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு.

"சரிபண்ணச் சொல்லி நீங்கதான் அனுப்பினீங்கன்னு முருகதாஸ் சொன்னார்" என்றார் கிருஷ்ணப்ரியா. "உங்கள மாதிரி ஒருத்தர் இருக்கிறதாலதான் இந்த வீடு நிக்குது."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். தலை ஆமென்று ஆடிவிட்டது.

முருகதாஸ் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சுரண்டினார்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது வைகுண்டராஜனேதான். பிரிவுபசாரக் கூட்டத்தில், போட்ட மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். முன்வரிசையில் கிருஷ்ணப்ரியா இருந்தார். முருகதாஸுக்கு அழைப்பு போயிருந்தது. அவர் வரவில்லை.