வந்தாச்சு அண்ணன்

‘இங்க வந்தாச்சு’ என்று ஒரு வரி தட்டுகிறார். கொஞ்சம் கீழே இறங்கி, ‘இங்கயும் வந்தாச்சு’ என்று இன்னொன்று. ஜாவா நிரலில் கோளாறு கண்டுபிடிக்க ஆயிரம் கருவிகள் வந்துவிட்டன. இவருக்கு இந்த இரண்டு சொல் போதும். நிரலை ஓடவிட்டால் இந்த வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் விழும். எது விழவில்லையோ, அதற்கு முன்னால்தான் திருடன் இருக்கிறான். அலுவலகத்துப் பிள்ளைகள் அவருக்கு ‘வந்தாச்சு அண்ணன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காதில் எப்போதும் பெரிய ஹெட்போன். “என்ன பாட்டுண்ணே?” என்று கேட்டால், “பாட்டா? ஒண்ணுமில்ல. இதை மாட்டிக்கிட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க” என்பார். பக்கத்தில் ஆடை கட்டிப்போன தேநீர். அதை அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

இன்று முகம் சரியில்லை. ஒரு மருத்துவமனைக்கு முன்பதிவுப் பக்கம் செய்திருந்தார். முதல் வரியிலிருந்து அவர் பெற்ற பிள்ளை அது. கைபேசி எண்ணை நிரப்பியவர்களிடமே ‘கைபேசி எண்ணை நிரப்பவும்’ என்று அது சிவப்பு எழுத்தில் மல்லுக்கு நிற்கிறது. அதுவும் எல்லோரிடமும் இல்லை, சிலரிடம் மட்டும். “சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா வேற டீமுக்குக் குடுத்துடறேன்” என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிள்ளையைத் தத்துக் கொடு என்றால் யாருக்குத்தான் வலிக்காது?

காலை முழுக்க, எண் சரியா என்று சோதிக்கும் பகுதியைத்தான் குடைந்தார். “இவன்தான் பண்றான். எனக்குத் தெரியாதா இவனை?” அங்கே ஒரு குற்றமும் இல்லை. மதியத்துக்கு மேல், வேறு வழியில்லாமல், ‘செட்டர்’ என்கிற பகுதிக்குள் எட்டிப் பார்த்தார். படிவத்தில் அடித்ததை வாங்கி உள்ளே வைக்கிற சின்ன வேலைதான் அதற்கு. அதன்பிறகுதான் சோதனையே.

‘செட்டருக்குள்ள வந்தாச்சு’ விழுந்தது. ‘உள்ள வெச்சாச்சு’ விழவில்லை.

நடுவில் ஒரு வரி இருந்தது. எண்ணுக்கு இடையில் இடம் விட்டிருந்தால் எதையும் வைக்காதே, பேசாமல் திரும்பிப் போ. என்றோ அவரே எழுதியது. வாங்குகிற மாதிரி வாங்கி, தலையையும் ஆட்டிவிட்டு, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது கழுதை. இடைவெளியை நீக்கிவிட்டு எண்ணை வைக்கும்படி திருத்தினார். சிவப்பு எழுத்து போயிற்று. நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

மனைவியிடமிருந்து அழைப்பு. வழக்கம்போல் கைபேசியை மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டு, தட்டச்சை நிறுத்தாமலே பெருமையடித்தார்.

“இதைத்தானே காலையில சொன்னேன்?” என்றாள் அவள். “முன்பதிவு பண்ணும்போது நம்பரை இடம் விட்டு அடிச்சா நிரப்புன்னு திட்டுது, சேர்த்து அடிச்சா வாங்கிக்குதுன்னு. நீங்க சரி சரின்னு தலையாட்டினீங்களே!”

தட்டச்சை நிறுத்தினார்.

“கூடவே இன்னொண்ணும் சொன்னேன். அது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

யோசித்தார், காலையில் வந்தது எதுவும் உள்ளே இல்லை. அவருக்கே வெட்கமாக இருந்தது.

“நாளைக்குக் காலையில முட்டி டாக்டரைப் பார்க்கணும், கூட வாங்கன்னேன். தனியா படியேற பயமா இருக்குங்க.”

வந்தாச்சு அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். ஸ்பீக்கரை அணைத்து, கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில. முட்டி டாக்டர். நான் கூட வர்றேன், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்” என்று நிதானமாகத் திருப்பிச் சொன்னார். “சரியா இருக்காம்மா?”