திருச்சிக்கு ஒன்றரை மணி நேரம்

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த நாளிலிருந்து, பிறந்த ஊரான திருச்சி எனக்கு ஒரு ராத்திரி தூரம். எழும்பூரில் ரயிலேறினால் விடிந்துதான் போய்ச் சேரலாம். அதற்கும் துணை, லீவு, மாமியாரின் நல்ல மனசு எல்லாம் ஒன்றாகக் கூடிவர வேண்டும். வருஷக்கணக்கில் கூடிவரவில்லை.

அம்மா மவுத்தாகிவிட்டதாகக் காலையில் தந்தி வந்தது. எங்களில் மய்யித்தைப் போட்டுவைக்க மாட்டார்கள், அன்றைக்கே அடக்கம். பெண்கள் கபருஸ்தானுக்குப் போவதுமில்லை. வீட்டைவிட்டுத் தூக்குவதற்குள் முகத்தைப் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் சமையற்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தோல் மண்டியில் கணக்கு எழுதும் என் வீட்டுக்காரர் வெளியே ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"அப்பால அழுவலாம், எந்திரிமே. பன்னெண்டு மணிக்கு பிளேன் கீது. மொதலாளி போன் போட்டு ரெண்டு சீட்டு சொல்லிட்டாரு."

"பிளேனா? எனக்குப் பயமா இருக்குங்க."

"பயந்துகினே வா."

துறைமுகத்து லாரிகளையும் மாட்டுவண்டிகளையும் தாண்டி டாக்ஸி மீனம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிர் பிளேன் மேலே ஏறும்போது போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கலிமா சொன்னேன்.

கண்ணைத் திறந்தால், கீழே ஏரிகள் உடைந்த கண்ணாடி மாதிரி சிதறிக் கிடந்தன. பாலாறு வெறும் மணலாக ஓடியது. ராத்திரி ரயிலில் தூங்கி வழிந்துகொண்டே கடந்த ஊர்களெல்லாம் வெயிலில் படுத்திருந்தன.

"விழுப்புரம் வந்துடுச்சா?"

"அது எப்பவோ பூட்ச்சி."

அல்லாவே, அம்மா போன நாளில் இப்படி வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. காவிரி வந்தது. மலைக்கோட்டை என் கட்டைவிரல் உயரத்துக்கு நின்றது. இத்தனை பெரிய பூமியைப் படைத்தவன் அதைத் தாண்ட ஒன்றரை மணி நேரம்தான் வைத்திருக்கிறான் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாலக்கரையில் அம்மா வீட்டு வாசலில் இறங்கியபோது மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள். வருகிறோம் என்று நாங்கள் கொடுத்த தந்தி அதுவரை வந்து சேரவில்லை. மெட்ராஸிலிருந்து யாரானாலும் மறுநாள் காலையில்தான் வரமுடியும் என்பது அவர்கள் கணக்கு. அண்ணன் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். தூக்கிய மய்யித்தைத் திரும்ப இறக்கும் வழக்கம் எங்களில் கிடையாது.

"இறக்குங்க," என்றார் அண்ணன்.

முகத்துணியை விலக்கினார்கள். அம்மா ரொம்பச் சின்னதாகிப் போயிருந்தாள். பார்த்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் அழுகைக்கு முன்னால் வந்தது.

ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனபின், நோயில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படிம்மா அதுக்குள்ள வந்தே?"

"பிளேன்ல பெரியம்மா. ஒன்றரை மணி நேரந்தான்."

அவள் மூக்கின்மேல் விரலை வைத்தாள். ஜன்னல் வழியாக வானத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்வளவு கிட்டத்துலயாடி இருந்தே? ரொம்ப தூரம், புள்ள அலைய வேணாம்னு சொல்லித்தானே உங்கம்மா உனக்குச் சொல்லி அனுப்பவே விடல."